உங்க இஷ்டம், சம்பந்தி

“ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?”

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே இதைச் சொல்லித்தான் தூக்குவார் குக்கர்க்காரர். குக்கர் கைப்பிடிக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது சொல்வார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதற்கு முன்பே சொல்வார். எதிரில் நிற்கிறவர்கள் தங்கள் குக்கரைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, “சரிங்க, அப்ப ரப்பரையும் மாத்திடுங்க” என்பார்கள்.

வீட்டுக்காரம்மா மட்டும்தான் சரியான பதில் சொல்வார். “அந்த ஒருத்தர் நீங்களா இருந்திருக்கலாம்ல?”

அதோடு அன்றைய புலம்பல் அடங்கும். மறுநாள் ஷட்டரோடு சேர்ந்து அதுவும் மேலே ஏறும்.

குக்கர்க்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பேக்கரிக்கும் ஸ்கூல் பை விற்கும் கடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்கு ஷட்டர் போட்டால் என்ன வருமோ அதுதான் அவர் கடை. குக்கர், மிக்ஸி, அடுப்பு, எல்லாம் பார்ப்பார். ஆனால் மனிதர் பயந்தாங்கொள்ளி. ரிப்பேர் செய்த குக்கரைச் சோதித்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வார். அவரிடம் பைக் கிடையாது. பைக் ஆபத்தாம். வீட்டில் ஒரு பல்பு மாட்ட வேண்டுமென்றால் மெயினை அணைப்பார், அணைத்துவிட்டு இருட்டில் பல்பைத் தேடுவார். வீட்டுக்காரம்மா மூடிவிட்டு வந்த கேஸை இவர் போய் இன்னொரு தடவை மூடுவார். இவர் மூடியதில் திறந்துகொண்ட நாளும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வினோதமான வியாதி. தனியாக ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், தெருக்கோடியில் ஒரு சைக்கிள் தெரிந்தாலும் அது போய்ச் சேரட்டும் என்று நிற்பார். அதே இடத்தில் இன்னும் பத்துப் பேர் நின்று கடந்தால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடுவில் புகுந்து போய்விடுவார். ஒருமுறை லாரிக்காரன் பிரேக் அடித்து, இவர் குடும்பத்தையே வாழ்த்திவிட்டுப் போனான்.

“ஏங்க, கூட்டம்னா லாரிக்கு மரியாதை வந்துடுமா?” என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

“இத்தனை பேரு பாக்காமலா போவாங்க?”

“அந்த இத்தனை பேரும் இதேதான் நெனச்சிருப்பாங்க.”

இவர் காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

சரி, கதைக்கு வருவோம். இவருக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி குத்துகிற பெண்ணுக்கு அப்பா இப்படி வாய்த்திருக்கிறார், என்ன செய்வது. அவளுக்கு முதலில் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள், உட்கார்ந்தார்கள், டீ வந்தது. இவருக்கு அன்றைக்கு நெஞ்செரிச்சல். “வேண்டாம்” என்றார். வெறும் வேண்டாம்தான். “இப்பதான் குடிச்சோம்” என்று ஒரு பொய்யைச் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் சொல்லத் துப்பில்லை. நம் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிறாரே என்று அவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் அந்த டீ ஆறுவதற்குள் ஆறிவிட்டது.

மகள் கவலைப்படவில்லை. அவள் ஏற்கெனவே டயர் கடைப் பையன் ஒருவனைப் பார்த்து வைத்திருந்தாள். அவன் வீட்டிலிருந்து முறைப்படி வந்து பேசினார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் தேடிப்பிடித்தோம் என்பது போல இரண்டு வீடும் நடந்துகொண்டது. எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்த அன்று, வீட்டுக்காரம்மா கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார்.

“இங்க பாருங்க. இந்தக் கல்யாணம் முடியற வரைக்கும் அவங்க எதிர்ல உங்க வாயில வேண்டாம்ங்கற வார்த்தை வரக்கூடாது. வந்துச்சு, நான் உங்களுக்கு வேண்டாம்.”

குக்கர்க்காரர் தலையாட்டினார். அன்றிலிருந்து சம்பந்தி எது கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்தான். உங்க இஷ்டம், சம்பந்தி.

சம்பந்தி பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று ஆயுசு முழுக்க விசில் ஊதியே பேசி முடித்துவிட்டதாலோ என்னவோ, வாயால் அதிகம் பேச மாட்டார். மேல்வரிசை முழுக்கப் பல்செட். அது நழுவுமோ என்ற பயமும் இருக்கலாம். பேசாத ஆள் ஒரு வார்த்தை சொன்னால் அதை எல்லாரும் எடைபோட்டுப் பார்ப்பார்கள். இவர் “ம்” என்றால்கூட குக்கர்க்காரர் வீட்டுக்கு வந்து, அது என்ன “ம்” என்று ராத்திரிச் சாப்பாடு முழுக்க ஆராய்வார்.

மாப்பிள்ளைப் பையனுக்கு ஒரு ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு குடும்பமும் ஒருநாள் வெளியே போய்ப் பழக வேண்டுமாம். பழகுவதற்குப் பார்க் இல்லையா, கோயில் குளம் இல்லையா. அவன் ஆற்றில் ரப்பர் படகு விடுகிற இடத்தில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தான்.

குக்கர்க்காரருக்கு நீச்சல் தெரியாது. குளிப்பதே வாளியில் பாதித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான். “என்ன மாமா, போலாம்ல?” என்று பையன் கேட்டபோது அவர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கையில் கரண்டி இல்லை, ஆனால் பார்வையில் இருந்தது.

“உங்க இஷ்டம், மாப்பிள்ளை.”

ஆற்றங்கரையில் ஒரு ஓலைக் கொட்டகை. அதில் வரிசையாக லைஃப் ஜாக்கெட் தொங்கியது. நனைந்த நாய் வாசனை. பெண்கள் மூவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு மாட்டினார்கள். சம்பந்திக்கு வயிற்றுப் பக்கம் பக்கிள் சேரவில்லை, இரண்டு பேர் இழுத்துப் பூட்டினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டதும் அத்தனை பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிரில் நிற்கிற ஆள் பரம்பரையாகப் படகு ஓட்டினவர் மாதிரி தெரிந்தார். பயம் உள்ளே இருக்கிறது, ஜாக்கெட் வெளியே இருக்கிறது. மற்றவரிடம் ஜாக்கெட் மட்டும்தானே கண்ணுக்குத் தெரியும்.

படகு ஓட்டுகிறவர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும், கழுத்தில் விசில், கண்டக்டர் மாதிரிக் குரல்.

“ஆறு முன்னாடி மூணாப் பிரியும். மொதல்ல தொட்டில். தூங்கிக்கிட்டே போலாம். அடுத்தது ஊஞ்சல், கொஞ்சம் தூக்கிப் போடும். மூணாவது மிக்ஸி.” அதற்கு விளக்கம் சொல்லவில்லை. “எதுல போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு, உங்கள்ல யாராவது ஒருத்தர் வேண்டாம்னாக்கூட நான் மிக்ஸி பக்கம் திருப்ப மாட்டேன். ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும்.”

மிக்ஸிக்குள் என்ன நடக்கும் என்பது மற்றவர்களைவிடக் குக்கர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். தினமும் பிளேடு மாற்றுகிறவர். வேண்டாம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கே அது மகளுடைய கல்யாணத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

“சம்பந்தி சொல்லட்டும்” என்றார்.

சம்பந்தி ஆற்றைப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது தொட்டில்தான், பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பையனைப் பெற்றவர் தொட்டில் என்று சொன்னால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று, “ஊஞ்சல்ல போலாமா?” என்றார்.

சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். குக்கர்க்காரரோ, நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் குறைத்துக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டார்.

“எங்களுக்காக நீங்க ஏன் குறைச்சுக்கணும், சம்பந்தி?”

“அய்யோ, குறைக்கல. உங்களுக்கு எது சௌகரியமோ.”

“எங்களுக்கு என்ன, எதுன்னாலும் சரிதான்.”

“அப்ப பெருசே போலாம்னு சொல்றீங்க.”

“உங்க இஷ்டம், சம்பந்தி.”

“இல்ல, உங்க இஷ்டம்.”

பந்தியில் போதும் என்று கையை மறைக்காதவன் இலையில் சோறு ஏறுகிற மாதிரி, இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் ஆற்றை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா ஏன் சொல்லவில்லை என்றால், வேண்டாம் என்ற சொல்லுக்கே அந்தக் குடும்பத்தில் தடை போட்டது அவர்தான். மகள் மாப்பிள்ளைக்காகச் சும்மா இருந்தாள். மாப்பிள்ளை மகளுக்காக நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினான்.

பக்கத்தில் இன்னொரு படகுக்குக் காத்திருந்த காலேஜ் பையன்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள்ளும் அதே பஞ்சாயத்து.

“டேய், அந்தப் பெருசுங்களே மிக்ஸில போறாங்கடா” என்றான் ஒருவன்.

சம்பந்தி காதில் விழுந்தது கடைசிப் பாதி மட்டும். “பாத்தீங்களா, பசங்களும் அதுலதான் போறாங்களாம்” என்றார் குக்கர்க்காரரிடம். “அப்ப ஒண்ணும் இருக்காது.”

“ஆமா, இத்தனை பேரு யோசிக்காமலா போவாங்க?” என்றார் இவர்.

படகுக்காரம்மா கடைசியாக ஒரு தடவை கேட்டார். “யாருக்காவது வேண்டாமா?”

எல்லாரும் ஆற்றுக்கு அந்தக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமையைப் பார்த்தார்கள். எருமையும் எதுவும் சொல்லவில்லை.

படகு கிளம்பியது. சம்பந்திகள் இருவருக்கும் மரியாதையாக முன்வரிசை. கொஞ்ச தூரம் ஜோராகப் போயிற்று. பெண்கள் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். பிறகு சத்தம் கேட்டது. பச்சை மசாலா அரைக்கிற சத்தம்தான், ஆனால் ஜார் அரை ஊர் அகலம். மிக்ஸியின் வாயில் போய்ப் படகு ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“யாரும் அசையாதீங்க” என்றார் படகுக்காரம்மா. “முன்னாடி பாரம் ஜாஸ்தி. முன்னாடி இருக்கறவங்கள்ல ஒருத்தர், ஒருத்தர் மட்டும், மெதுவா நகந்து பின்னாடி வாங்க.”

நியாயமான, சுலபமான வேலை. சம்பந்திகள் அல்லாத எந்த இரண்டு மனிதர்களும் செய்துவிடுவார்கள்.

“நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் போறேன்” என்று எழுந்தார் குக்கர்க்காரர்.

“அது எப்படி? நீங்க இருங்க, நான் போறேன்” என்று அவரும் எழுந்தார்.

“சரி, அப்ப நீங்க போங்க” என்று இருவரும் சொல்லிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்தார்கள். படகு முனகியது.

“சார், ஒருத்தர்னேன்.”

“போங்க சம்பந்தி.”

“நீங்க மொதல்ல.”

மறுபடி இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். படகுக்காரம்மா விசில் ஊதினார். விசில் ஊதினால் கிளம்ப வேண்டும் என்று முப்பது வருஷம் பழகின உடம்பு சம்பந்தியுடையது. அவர் கிளம்பினார். அவரைப் பிடிக்க இவர் பாய்ந்தார். படகு இரண்டு பேருடைய மரியாதையையும் தாங்க முடியாமல் கவிழ்ந்தது.

பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்தில் ஆறு பேரும் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய்களாக மிதந்தார்கள். படகுக்காரம்மா கயிறு வீசி ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்துப் போட்டார். போனது ஒரே ஒரு சாமான்தான். சம்பந்தியின் பல்செட்.

கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரம்மா தண்ணீர் புகாத பையைத் திறந்து, தன் கணவரைப் பிறந்த குழந்தை மாதிரி துண்டில் சுற்றினார். தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. சம்பந்தி பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். பிறகு ஒரு கையால் பொக்கை வாயை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை இவரை நோக்கி நீட்டி, ஒரு வார்த்தை சொன்னார்.

“ஏணம்” மாதிரி ஏதோ ஒன்று.

வேணும் என்பதற்கும் வேணாம் என்பதற்கும் நடுவில் இருக்கிறதே ஒரே ஒரு எழுத்து, அது பல்செட்டோடு ஆற்றில் போய்விட்டது. குக்கர்க்காரர் காதில் வேணாம் என்று விழுந்தது. இவரைக் கைகாட்டி வேணாம் என்றால் வேறு என்ன அர்த்தம்? கல்யாணம் போச்சு.

என்ன சொன்னீங்க என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அங்கே அத்தனை பேர் இருந்தார்களே. மற்றவர்களுக்கெல்லாம் புரிந்திருக்கும், நாம் கேட்டுப் புண்ணைக் கிளறுவானேன் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது தடவையாக. ஒரே நாளில்.

வேனில் திரும்பும்போது இழவு வீடு தோற்றது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்காரம்மா கணவர் தொடையில் நறுக்கென்று கிள்ளி, “நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்று உதடு அசையாமல் கேட்டார்.

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“அதான் நானும் கேக்கறேன்.”

வழியில் டிரைவர் டீக்கடையில் நிறுத்தினார். சம்பந்தி இறங்கி வேனுக்குப் பின்பக்கம் போய்த் தனியாக நின்றார். குக்கர்க்காரர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். ரத்தம் எடுக்கிறபோது மற்றவர்களுக்குத் தைரியம் சொல்கிற பெண், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒரு டீயில் ஒரு சம்பந்தம் போனது, ஒரு படகில் இன்னொன்றா என்று நினைத்தபோது மனிதருக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. யாரும் கூட வரவில்லை. யாராவது போகிறார்களா என்று பார்க்கவும் இல்லை. தனியாக இறங்கிப் பின்பக்கம் போனார்.

“சம்பந்தி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கரையில என்னைக் காட்டி வேணாம்னீங்களே. கல்யாணத்தையா?”

சம்பந்தி முழித்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் தன் தலையைத் தேய் தேய் என்று தேய்த்துக் காட்டினார்.

குக்கர்க்காரர் ஓரடி பின்வாங்கினார். “தலை முழுகிட்டீங்களா எங்களை?”

சம்பந்திக்குப் பொறுமை போய்விட்டது. வேனின் பின்கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் விரலால் பெரிதாக எழுதினார்.

டவல்.

குக்கர்க்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் தோளைப் பார்த்தார். துண்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அவர் அதை எடுத்து சம்பந்தி தலையில் போட்டுத் தானே துவட்டிவிட ஆரம்பித்தார். துவட்டத் துவட்ட அழுகை வந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து கண்ணாடியில் இன்னும் ஒரு வரி எழுதியது.

எனக்கு தொட்டில் போதும்னு இருந்துச்சு.

“எனக்கும்தான் சம்பந்தி.”

அதற்குள் மற்றவர்களும் பின்னால் வந்து நின்று கண்ணாடியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கும்தான்” என்றார் சம்பந்தியம்மா. “நான் மூணுமே வேணாம்னு இருந்தேன்” என்றார் வீட்டுக்காரம்மா. மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். “உனக்குப் பிடிக்கும்னுதானே நான் புக் பண்ணேன்” என்றான் அவன். “எனக்கு ஆத்தப் பாத்தாலே மயக்கம் வரும்” என்றாள் அவள். டீக்கடைக்காரர் மட்டும்தான் எதுவும் சொல்லவில்லை. அவரைக் கேட்டிருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

சம்பந்தி முதலில் சிரித்தார். கையை வைத்து மறைக்கக்கூட இல்லை.

புதுப் பல்செட் வந்ததும் அவர் கல்யாண விஷயம் பேச வந்தார். பல் புதிது, கொஞ்சம் பெரிது, அதனால் வார்த்தையெல்லாம் அழுத்தமாக விழுந்தது.

“மண்டபம் ரெண்டு பாத்திருக்கேன். ஒண்ணு சின்னது. இன்னொண்ணு ஊரையே உக்கார வைக்கலாம். பெருசே எடுத்துடலாமா?”

குக்கர்க்காரர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மனிதர் சொன்னார்.

“வேண்டாம், சம்பந்தி.”

சம்பந்தி அவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு சாய்ந்தார்.

“அப்பாடா” என்றார். “வீட்ல கெளம்பும்போது இதை நீங்க சொல்லணுமேன்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன்.”

கல்யாணம் சின்ன மண்டபத்தில் நடந்தது. இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள், அதையும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சம்பந்திக்கு இப்போது பொழுது போவதே குக்கர் கடையில்தான். யார் எந்தக் குக்கரைக் கொண்டுவந்தாலும், “இது தேறாது, வேண்டாம்” என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுகிறார். இவர் தேறும் என்கிறார். வியாபாரம் கொஞ்சம் படுத்துத்தான் விட்டது.

அதனால் உங்கள் வீட்டில் ஆவி கசிகிற குக்கர் ஏதாவது கிடந்தால், தூக்கிப் பரணில் போடாதீர்கள். சாயங்காலமாக ஒரு நடை போய் மனிதரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பேக்கரியை ஒட்டின சந்து, ஹெல்மெட் போட்ட ஆள், கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பாதீர்கள், தனியாகப் போங்கள். உட்கார இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். அதிலும் சம்பந்தி இருப்பார், கொஞ்சம் நகரச் சொல்லுங்கள்.